ரெட் பேரனின் விமானம் எது? மாலிக்கைச் சுட்டது யார்?

ரெட் பேரன் என்ற பெயரைக் கேள்விப்பட்ட யாரிடமாவது ஒரு தாளைக் கொடுத்து, அவருடைய விமானத்தை வரையச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று இறக்கைகளைப் போட்டு, மூக்கு முதல் வால் வரை சிவப்பாகத் தீட்டிக் கொடுத்துவிடுவார்கள். பொம்மைக் கடை, கம்ப்யூட்டர் கேம், சினிமா, கார்ட்டூன் எல்லாவற்றிலும் அதே படம்தான். நாய்க்குட்டி ஸ்னூப்பி தன் கூண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு கற்பனையில் சண்டை போடுவதும் இவரோடுதான்.

படம் பொய் இல்லை. ஆனால் அது கடைசி அத்தியாயத்தின் படம். முழுக் கதைக்கும் அதுதான் அட்டை என்று ஆகிப்போனதில் இரண்டு விஷயங்கள் மறைந்து போயின. ஒன்று, அந்த மனிதர் தன் வெற்றிகளில் பெரும்பகுதியைச் சம்பாதித்த விமானம். இன்னொன்று நம் நாட்டுச் சங்கதி. முதல் உலகப் போரில் பறந்த ஒரு இந்திய விமானியின் பெயரோடு ரெட் பேரனின் பெயரை ஒட்டவைத்து ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்த விமானம், எந்தத் தேதி என்று பார்க்க ஆரம்பித்தால் அந்தக் கதை ஆட்டம் காண்கிறது.

முதலில் பெயர். பேரன் என்றால் தாத்தா பேரன் இல்லை, ஐரோப்பியப் பிரபுப் பட்டம். நிஜப் பெயர் மன்ஃப்ரெட் ஃபான் ரிஷ்த்தோஃபன். பிறந்தது 1892 மே 2, பிரெஸ்லாவ் நகரை ஒட்டிய க்ளைன்பர்க்கில். அந்த நகரம் இன்று போலந்தில் இருக்கிறது, பெயர் வ்ரோட்ஸ்வாஃப். குதிரைப்படையில் சேர்ந்தவர். பதுங்குகுழிப் போரில் குதிரைக்கு வேலை இல்லாமல் போனதால் 1915இல் விமானப் பிரிவுக்கு மாறினார். முதலில் விமானி கூட இல்லை, பின் இருக்கையில் உட்கார்ந்து வேவு பார்ப்பவர். 1916இல் ஓஸ்வால்ட் போல்க்கே என்ற பெரிய விமானி தன்னுடைய புதிய படைப்பிரிவுக்கு ஆள் எடுத்தபோது இவரையும் சேர்த்துக்கொண்டார். 1916 செப்டம்பர் 17 அன்று முதல் வெற்றி. 1918 ஏப்ரல் 20 அன்று எண்பதாவது வெற்றி. மறுநாள் மரணம். வயது 25.

எண்பது விமானங்கள்! அந்தப் போரில் வேறு யாரும் எட்டாத எண்ணிக்கை. ஐந்து விமானங்களை வீழ்த்தினாலே "ஏஸ்" என்று கொண்டாடிய காலம் அது.

இப்போது இந்த எண்பதை ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி விமானவாரியாகப் பிரித்துப் பார்ப்போம்.

மூன்றிறக்கை விமானத்தில் அவர் சண்டையிட்டது இரண்டு தவணைகளில்தான். 1917 செப்டம்பர் 1, 3 தேதிகளில் அதன் முன்மாதிரி ஒன்றில் பறந்து 60, 61ஆவது வெற்றிகளைப் பெற்றார். அதன்பிறகு 1918 மார்ச் 12 முதல் ஏப்ரல் 20 வரை, 64இலிருந்து 80 வரை, 17 வெற்றிகள். ஆக மொத்தம் 19. எண்பதில் 19 போனால் மிச்சம் 61. அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் மேல் அவர் வென்றது இரண்டிறக்கை விமானங்களில்!

அந்த இரண்டிறக்கை விமானங்களில் பெரும்பாலானவை அல்பட்ராஸ் என்ற கம்பெனியின் தயாரிப்புகள். தொடக்கத்தில் டி.2 வகை, பிறகு டி.3, அதன்பிறகு டி.5. பிரிட்டனின் பெயர் பெற்ற விமானி லானோ ஹாக்கரை 1916 நவம்பர் 23 அன்று நீண்ட சண்டைக்குப் பின் வீழ்த்தியபோது ரிஷ்த்தோஃபன் ஓட்டியது அல்பட்ராஸ் டி.2. அப்போது அவர் விமானம் சிவப்பும் இல்லை. 1917 ஜனவரியில் யாஸ்டா 11 என்ற பிரிவுக்குத் தலைவர் ஆன சமயத்தில்தான் சிவப்புப் பெயின்ட் அடிக்கிற யோசனை அவருக்கு வந்தது. ஆகவே "ரெட்" என்ற அடைமொழியையே அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அல்பட்ராஸ்தான். மூன்றிறக்கை விமானம் அந்தப் பெயரைப் பின்னால் சுவீகாரம் எடுத்துக்கொண்டது.

அல்பட்ராஸ் டி.3 பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குள் போய் வந்தவர்களுக்கு அந்தக் கால விமானத்தின் இறக்கை அமைப்பு சட்டென்று புரியும். கல்தூண் நட்டு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து முறுக்கிப் பந்தல் போடுகிறார்கள் இல்லையா? ஒரு தூண் சாய்ந்தாலும் அடுத்த தூணும் கம்பியும் சேர்ந்து பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். இரண்டிறக்கை விமானமும் அப்படித்தான். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே மரக்கால்கள், கால்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பிகள், மேலே துணி.

பிரெஞ்சுக்காரர்களின் நியூபோர் விமானம் கீழ் இறக்கையை ஒடுக்கமாக வைத்திருந்தது. அதனால் விமானி கீழே நன்றாகப் பார்க்க முடிந்தது, வேகமாக மேலேறவும் முடிந்தது. அதைப் பார்த்து அல்பட்ராஸ் கம்பெனியும் டி.3இல் கீழ் இறக்கையை ஒடுக்கியது. உள்ளே ஒரே ஒரு முதுகுச் சட்டம்தான். செங்குத்தாகப் பாயும்போது அந்தக் கீழ் இறக்கை முறுக்கிக்கொண்டு துடிக்க ஆரம்பித்தது. 1917 ஜனவரி 24 அன்று, தன் 18ஆவது வெற்றி பெற்ற அன்றைக்கே, ரிஷ்த்தோஃபனின் புத்தம்புது டி.3இல் கீழ் இறக்கை விரிசல் விட்டது. எப்படியோ இறக்கிவிட்டார். இதே கோளாறு வேறு விமானங்களிலும் தெரிந்ததால் சில நாட்களில் டி.3 வகை முழுவதையும் பறக்க விடாமல் நிறுத்தினார்கள்.

அடுத்த சில வாரங்கள்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்றுவரை சண்டை போட்டுக்கொள்ளும் இடம். டி.3 நின்றுபோனதால் அவர் ஹால்பர்ஷ்டாட் டி.2 என்ற பழைய, மெதுவான, ஆனால் உறுதியான விமானத்துக்கு மாறினார் என்பதில் பலருக்கும் உடன்பாடு. ஆனால் எந்த வெற்றி வரை? மார்ச் கடைசி வரை ஹால்பர்ஷ்டாட்தான் என்பது ஒரு கட்சி. இல்லை, இறக்கையைப் பலப்படுத்தியதும் நடுவிலேயே அல்பட்ராஸுக்குத் திரும்பிவிட்டார் என்பது இன்னொரு கட்சி. அவருடைய சண்டை அறிக்கைகள் எதிரி விமானத்தின் வகை, நேரம், இடம் எல்லாவற்றையும் சொல்கின்றன. தான் உட்கார்ந்திருந்த விமானம் எது என்பதை எல்லா அறிக்கையிலும் சொல்வதில்லை. வரவை எழுதிவிட்டு எந்தக் கடை வரவு என்று எழுத மறந்த பேரேடு மாதிரி!

இந்தச் சண்டை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. உலகத்தில் அதிகமாக எழுதப்பட்ட விமானி அவர். அவருக்கே இந்த நிலைமை என்றால், பெயர் வெளியில் வராதவர்களைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும்?

1917 ஏப்ரல் மாதத்தைப் பிரிட்டிஷ்காரர்கள் "ரத்த ஏப்ரல்" என்று சொல்வார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் ரிஷ்த்தோஃபன் 21 விமானங்களை வீழ்த்தினார். 29ஆம் தேதி ஒரே நாளில் நான்கு. இந்த மாதத்தின் விமானம் பலப்படுத்திய அல்பட்ராஸ் டி.3. கணக்குப்படி பார்த்தால் ரெட் பேரனின் விமானம் என்று பொம்மை செய்ய வேண்டியது இதைத்தான். ஜூலை 6 அன்று தலையில் குண்டு உரசி, பார்வை சற்று நேரம் இருண்டு, உயிர் பிழைத்து இறங்கினாரே, அப்போது ஓட்டியது டி.5.

அப்புறம்தான் மூன்றிறக்கை வருகிறது. பிரிட்டிஷ் கடற்படை விமானிகள் 1917 தொடக்கத்தில் சாப்வித் மூன்றிறக்கை விமானத்தோடு வந்து ஜெர்மானியர்களைத் திணறடித்தார்கள். அதைப் பார்த்து ஆன்டனி ஃபாக்கரின் கம்பெனி செய்ததுதான் ஃபாக்கர் டிஆர்.1. ஆனால் இது அச்சு நகல் இல்லை. ஃபாக்கரின் ஆட்கள் இறக்கைக்கு உள்ளேயே பெட்டி மாதிரியான கனத்த சட்டத்தை வைத்து, இறக்கைகளுக்கு நடுவே கம்பியே இல்லாமல் செய்துவிட்டார்கள். கம்பி இல்லாத பந்தல்! வேகம் சுமாராக மணிக்கு 180 கிலோமீட்டர்தான், எதிரிகளின் புது விமானங்களைவிடக் குறைவு. ஆனால் மேலேறுவதிலும், நின்ற இடத்தில் திரும்புவதிலும் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

1917 ஆகஸ்ட் கடைசியில் இரண்டு முன்மாதிரிகள் போர்முனைக்கு வந்தன. 102/17 ரிஷ்த்தோஃபனுக்கு, 103/17 வெர்னர் ஃபாஸ் என்ற இளைஞருக்கு. ரிஷ்த்தோஃபன் இரண்டு வெற்றிகளோடு விடுமுறையில் போனார். அவர் இல்லாத நேரத்தில், செப்டம்பர் 15 அன்று அதே 102/17ஐ ஓட்டிய குர்ட் வோல்ஃப் சுட்டு வீழ்த்தப்பட்டார். செப்டம்பர் 23 அன்று ஃபாஸ் தனியாளாகப் பிரிட்டனின் 56ஆவது ஸ்குவாட்ரன் விமானிகளோடு மோதி மாண்டார். ஆக ஒரே மாதத்துக்குள் இரண்டு முன்மாதிரிகளும் காலி. (இந்த 56ஆவது ஸ்குவாட்ரன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.)

அக்டோபரில் புது டிஆர்.1 விமானங்கள் வந்தன. வந்த வேகத்தில் மேல் இறக்கை பிய்ந்துபோய் இரண்டு விமானிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஹைன்ரிஷ் கான்டர்மன் அவர்களில் ஒருவர். விசாரித்ததில் தெரிந்தது, வேலை சுத்தமாக இல்லை. மரத்துக்குச் சரியாக வார்னிஷ் அடிக்காததால் ஈரம் இறங்கிப் பசை விட்டுப் போயிருந்தது. நவம்பர் தொடக்கத்தில் எல்லா மூன்றிறக்கைகளையும் நிறுத்தி வைத்தார்கள். நவம்பர் 23, 30 தேதிகளில் ரிஷ்த்தோஃபன் தன் 62, 63ஆவது வெற்றிகளைப் பெற்றது திரும்பவும் அல்பட்ராஸில்தான்.

டிஆர்.1 மொத்தம் செய்யப்பட்டதே 320. அதன் குறைகளில் இறக்கை ஒன்றுதான் பலருக்கும் தெரியும். இன்னொரு குறை எஞ்சினில் இருந்தது. அதற்கும் நம் ஊர் வரப்புக்கும் சம்பந்தம் உண்டு!

அந்த எஞ்சினைச் சுழல் எஞ்சின் என்பார்கள். இன்றைய எஞ்சினில் சிலிண்டர் சும்மா இருக்கும், உள்ளே தண்டு சுற்றும். இதில் தண்டு விமானத்தோடு இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்பது சிலிண்டர்களும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். சுற்றுவதால் காற்றுப் பட்டுக் குளிரும், தண்ணீர் வேண்டாம், எடை குறைவு. ஆனால் பெட்ரோல் கலவை எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்துதான் சிலிண்டருக்குப் போக வேண்டும். சாதாரண மசகு எண்ணெய் விட்டால் பெட்ரோலில் கரைந்து நீர்த்துப் போகும். பெட்ரோலில் எளிதில் கரையாத, கடுஞ்சூட்டிலும் வழவழப்பு போகாத எண்ணெய் வேண்டும். அதுதான் விளக்கெண்ணெய். ஆமணக்குக் கொட்டையிலிருந்து எடுத்து, வைக்கோல் கரியோடு குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மையாகப் போட்டார்களே, அதே எண்ணெய். எஞ்சின் அதைத் திரும்பப் பயன்படுத்தாது. உள்ளே போனது அப்படியே புகையோடு வெளியே தெறிக்கும். விமானியின் முகம், கண்ணாடி, கழுத்துத்துணி எல்லாம் எண்ணெய். வாய்க்குள்ளும் போகும். பேதிக்குக் கொடுக்கிற எண்ணெயை மூவாயிரம் மீட்டர் உயரத்தில் குடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். உலகச் சந்தைக்குப் போன ஆமணக்கு விதையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. சென்னை மாகாணமும் ஐதராபாத் சமஸ்தானமும் அதில் முக்கியமான இடங்கள். போர் ஆரம்பித்ததும் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனிக்குக் கடல்வழியை அடைத்தது. பிரிட்டனுக்கு ஆமணக்கு உண்டு, ஜெர்மனிக்கு இல்லை. மாற்று எண்ணெய் செய்து ஊற்றிப் பார்த்தார்கள். எஞ்சின் சூடேறிக் கெட்டது. 1918இல் அமெரிக்கா இந்தியாவிலிருந்து கப்பலில் விதை வரவழைத்துத் தன் தென் மாநிலங்களில் ஆமணக்குப் பயிரிடச் சொன்னது என்றால் தட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ளலாம். மூன்றிறக்கை விமானம் நீடிக்காமல் போனதற்குப் பொறியியல் காரணம் மட்டும் இல்லை, சரக்கு வரத்துக் காரணமும் உண்டு. வீரம், சாகசம் என்று எழுதுகிற புத்தகங்கள் இதை ஓரிரு வரியில் தாண்டிப் போய்விடுவது ஆச்சரியம்தான்.

இனி இந்தியாவுக்கு வருவோம்.

ஹர்தித் சிங் மாலிக் 1894இல் ராவல்பிண்டியில் பிறந்தவர். இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பு, ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரி, 1914இல் சசெக்ஸ் அணிக்காகக் கிரிக்கெட். போர் வந்ததும் கூடப் படித்தவர்கள் எல்லாம் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். இந்தியர் என்பதால் இவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. பிரெஞ்சுச் செஞ்சிலுவையில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். அங்கிருந்து பிரெஞ்சு விமானப் படையில் சேர முயற்சி செய்தார். இதைக் கேள்விப்பட்ட அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர், பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொள்கிற ஆளை நாம் வேண்டாம் என்பதா என்கிற ரீதியில் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். 1917 ஏப்ரலில் ராயல் ஃப்ளையிங் கோரில் இடம் கிடைத்தது. தலைப்பாகையைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லி, அதற்கு மேல் போடுகிற மாதிரி பெரிய தொப்பி தைத்துக்கொண்டார்.

28ஆவது ஸ்குவாட்ரன், சாப்வித் கேமல் விமானம். தலைவர் கனடாக்காரர் வில்லியம் பார்க்கர், பின்னாளில் விக்டோரியா சிலுவை வாங்கியவர். 1917 அக்டோபர் 26. பாஷண்டேல் சண்டையின் ஒரு பெரிய தாக்குதல் தொடங்கிய நாள், மழை, மேகம். பறக்கவே லாயக்கில்லாத வானிலையில் பார்க்கர் சில விமானங்களோடு எல்லையைத் தாண்டினார். ஜெர்மன் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. மாலிக்கின் காலில் குண்டு பாய்ந்தது. பெட்ரோல் தொட்டியும் அடிபட்டது. தாழப் பறந்து, துரத்தல்களைத் தாண்டி, தங்கள் பக்கம் வந்து விழுந்தார். விமானத்தில் நானூறுக்கும் மேற்பட்ட குண்டுத் துளைகள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில்தான் ரெட் பேரன் உள்ளே நுழைகிறார். "ரிஷ்த்தோஃபனோடு மோதி உயிர் தப்பிய சீக்கியர்" என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. இன்னும் கொஞ்சம் அடக்கமாக எழுதுகிறவர்கள் "ரிஷ்த்தோஃபனின் படையோடு" என்கிறார்கள். சரிபார்ப்போம். கணக்கில் ஒரு பதிவு இருந்தால் அதற்கு வவுச்சர் இருக்க வேண்டும்.

முதலாவது, அவருடைய எண்பது வெற்றிகளின் பட்டியல். 61ஆவது செப்டம்பர் 3, 62ஆவது நவம்பர் 23. நடுவில் ஒன்றும் இல்லை. அக்டோபர் 26 அன்று கேமல் ஒன்றை வீழ்த்தியதாக அவர் கேட்கவும் இல்லை, அவருக்குக் கொடுக்கப்படவும் இல்லை. விடுமுறை முடிந்து அவர் படைக்குத் திரும்பியே மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

இரண்டாவது, விமானம். அன்று பார்க்கருக்குக் கணக்கில் சேர்ந்த இரண்டு வெற்றிகளும் அல்பட்ராஸ் டி.5 விமானங்கள். சில சித்திரங்களில் மாலிக்கைத் துரத்துவதாகச் சிவப்பு மூன்றிறக்கை விமானத்தைக் கற்பனை செய்வது இதோடு பொருந்தவில்லை.

மூன்றாவது, படைப்பிரிவு. ரிஷ்த்தோஃபனின் கீழ் இருந்தவை யாஸ்டா 4, 6, 10, 11 என்ற நான்கு பிரிவுகள். "பறக்கும் சர்க்கஸ்" என்று பிரிட்டிஷ்காரர்கள் சொன்னது இவற்றைத்தான். பார்க்கரின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் அன்று எதிரே வந்தவர்கள் யாஸ்டா 18ஐச் சேர்ந்தவர்கள் என்று கருதுகிறார்கள். அது சர்க்கஸின் பகுதி இல்லை.

அப்படியானால் மாலிக் பொய் சொன்னாரா? அப்படிச் சொல்வது அநியாயம். அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்தில் பறந்த எந்தப் பிரிட்டிஷ் விமானியும் தைரியமாக எதிர்த்து வந்த ஜெர்மன் கூட்டத்தை "சர்க்கஸ்" என்றுதான் அழைத்தார். மழையில், காலில் குண்டோடு, மேகமலையின் உயரம் கூட இல்லாத தாழ்வில் உயிருக்கு ஓடுகிறவர் எதிரி விமானத்தின் பிரிவு எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தப்பு பிற்காலத்தில் எழுதியவர்களுடையது. நம் ஆளின் வீரத்துக்கு எடை கூட்ட ஒரு ஜெர்மன்காரரின் பெயரை இரவல் வாங்கியிருக்கிறார்கள். எதற்கு? யார் சுட்டிருந்தாலும் காலில் பாய்ந்தது நிஜக் குண்டு. நிறத்தைக் காட்டி மறுக்கப்பட்ட வேலையை வாங்கிக் காட்டியதும், தலைப்பாகையோடு பறந்து காட்டியதும் அவர்தான். அதற்கு ரெட் பேரனின் சான்றிதழ் தேவையில்லை.

காயம் ஆறி மாலிக் இத்தாலிக்குப் போனார். அங்கே அவரைத் தரையில் இறக்கியது எதிரி இல்லை, விளக்கெண்ணெய்! கேமலின் சுழல் எஞ்சின் தெறிக்கும் எண்ணெய் அவருக்கு ஒவ்வாமையாகிவிட்டது. அந்த எண்ணெய்க்கான விதை எந்த ஊர் வரப்பில் விளைந்ததோ. சுழல் எஞ்சின் இல்லாத பிரிஸ்டல் ஃபைட்டருக்கு மாற்றி, 1918இல் 11ஆவது ஸ்குவாட்ரனில் திரும்பவும் பிரான்சுக்கு அனுப்பினார்கள். பின்னாளில் ஐ.சி.எஸ்., பாட்டியாலா சமஸ்தானத்தின் பிரதமர், கனடாவில் இந்திய ஹை கமிஷனர், பிரான்சில் தூதர் என்று நீண்ட வாழ்க்கை. 1985இல் காலமாகும்வரை காலில் அந்தக் குண்டுகள் இருந்தன.

அவர் தனி ஆள் இல்லை. கேமல் ஓட்டிய ஏரல் சென் 1917 செப்டம்பரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். பம்பாய்க்காரர் வெலிங்கர் சாப்வித் டால்ஃபின் ஓட்டி 1918 ஜூனில் காயத்தால் இறந்தார். நான்காமவர்தான் இந்தியாவின் ஒரே முதல் உலகப் போர் ஏஸ், இந்திரலால் ராய்.

கல்கத்தாவில் 1898 டிசம்பர் 2 அன்று பிறந்தவர். லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளி. 1917 அக்டோபர் 30 அன்று போய்ச் சேர்ந்தது 56ஆவது ஸ்குவாட்ரனில். ஆம், ஐந்து வாரத்துக்கு முன் வெர்னர் ஃபாஸின் மூன்றிறக்கையை வீழ்த்திய அதே ஸ்குவாட்ரன். டிசம்பரில் விமானம் விழுந்து நொறுங்கியது. செத்துவிட்டார் என்று பிணவறையில் போட, நினைவு திரும்பிக் கதவைத் தட்டினார் என்று ஒரு கதை உண்டு. பறக்கத் தகுதியில்லை என்று டாக்டர்கள் எழுதினார்கள். விடாமல் முட்டி மோதி, 1918 ஜூனில் 40ஆவது ஸ்குவாட்ரனில் போய் நின்றார்.

இவர் ஓட்டியது எஸ்.இ.5ஏ. சண்டை விமானம் என்றாலே கேமலைப் போடுகிற வழக்கத்தால் சில இடங்களில் இவருக்கும் கேமலைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு ஜாதி. எஸ்.இ.5ஏ தண்ணீரால் குளிரும் எஞ்சின் கொண்டது, மணிக்கு சுமார் 220 கிலோமீட்டர் வேகம், விளக்கெண்ணெய்த் தொல்லை இல்லை. கேமல் மாதிரி சுற்றிச் சுழன்று குத்துவதற்கு இல்லை. உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, வேகத்தில் விலகுவதற்கு. ராயின் கணக்கைப் பார்த்தால் இது தெரிகிறது. ஜூலை 6 முதல் 19 வரை 14 நாட்களில் பத்து வெற்றிகள், ஜூலை 8இல் மட்டும் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. பத்தில் பாதிக்கு மேல் இரண்டு பேர் உட்காரும் வேவு விமானங்கள். மூன்று மட்டும் ஃபாக்கர் டி.7.

இந்த டி.7 தான் கதையின் கடைசி விமானம். 1918 ஜனவரியில் பெர்லினுக்கு வெளியே நடந்த போட்டியில் புதுச் சண்டை விமானங்களை ஓட்டிப் பார்த்து, இதுதான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னவர்களில் முக்கியமானவர் ரிஷ்த்தோஃபன். இரண்டிறக்கை, தண்ணீர் எஞ்சின், விளக்கெண்ணெய் வேண்டாம். மூன்றிறக்கையின் காலம் முடிந்துவிட்டது என்று மூன்றிறக்கைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவருக்கே தெரிந்திருந்தது. ஆனால் அதில் போருக்குப் போக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஏப்ரல் 21 அன்று டிஆர்.1 425/17இல் ஒரு கேமலைத் துரத்திக்கொண்டு தாழப் பறந்தபோது ஒற்றைக் குண்டில் இறந்தார். கனடாவின் ராய் பிரவுன் சுட்டதாக முதலில் பதிவானது. தரையிலிருந்த ஆஸ்திரேலியரின் துப்பாக்கிதான் என்பது இன்று பெரும்பாலோர் கருத்து. விழுந்த விமானத்தைச் சிப்பாய்கள் ஞாபகார்த்தமாகப் பிய்த்து எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் ஓட்டிய இன்னொரு மூன்றிறக்கை பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்து, இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. இன்று உலகத்தில் அசல் டிஆர்.1 ஒன்று கூட முழுதாக இல்லை. கண்காட்சிகளில் பறப்பவை எல்லாம் பிற்காலத்தில் செய்த நகல்கள்.

மூன்று மாதம் கழித்து, 1918 ஜூலை 22 அன்று, கார்வின் என்ற ஊருக்கு மேலே இந்திரலால் ராயைச் சுட்டு வீழ்த்தியவை யாஸ்டா 29இன் ஃபாக்கர் டி.7 விமானங்கள். வயது 19. செப்டம்பரில் அவருக்கு டி.எஃப்.சி. பதக்கம் அறிவிக்கப்பட்டது, அதை முதலில் பெற்ற இந்தியர் அவர்தான். வடக்கு பிரான்சில் எஸ்டெவெல் கிராமத்து இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. அதன் மேல் பிரெஞ்சிலும் வங்காளியிலும் எழுதியிருக்கிறார்கள்.